பிலடெல்பியா மஞ்சள் காய்ச்சல், 1793: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெங்கு சீசனில் கொசுவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நான் 1793-ஆம் ஆண்டு பிலடெல்பியாவை இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன். கேட்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மஞ்சள் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் ஒன்றுதானே?

இல்லை. காமாலை என்பது ஓர் அறிகுறி. கல்லீரல் கெட்டால், பித்தப்பைக் கல் அடைத்தால், எலிக்காய்ச்சல் வந்தால், எதனாலும் கண் மஞ்சளாகலாம். மஞ்சள் காய்ச்சல் என்பது ஒரு குறிப்பிட்ட வைரஸ் தரும் நோய். ஏடிஸ் ஈஜிப்டை கொசு அதைப் பரப்புகிறது. நம் ஊரில் டெங்குவையும் சிக்குன்குனியாவையும் கொண்டுவருகிறதே, காலில் வெள்ளை வளையம் போட்ட அதே பகல் கொசுதான்.

கொசு கடித்து மூன்று முதல் ஆறு நாளில் காய்ச்சல், தலைவலி, முதுகுவலி, வாந்தி. மூன்று நான்கு நாளில் காய்ச்சல் விட்டுவிடும். நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார். பலருக்கு அதோடு சரி. சிலருக்கு ஒரு நாள் கழித்து மறுபடி ஏறும்: கண்ணும் தோலும் மஞ்சளாகும், ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியும், வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் காபித்தூள் கரைசல் மாதிரி கறுப்பு வாந்தியாக வரும். அந்தக் கட்டத்துக்குப் போனவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பிழைப்பதில்லை. பிலடெல்பியாவில் உறவுக்காரர்களை அதிகம் ஏமாற்றியது அந்த இடைப்பட்ட ஒரு நாள்தான்.

1793-ல் என்னதான் நடந்தது?

பிலடெல்பியா அப்போது அமெரிக்காவின் தலைநகரம், நாட்டிலேயே பெரிய துறைமுக நகரங்களில் ஒன்று. புறநகரையும் சேர்த்தால் சுமார் 50,000 பேர். ஆகஸ்ட் தொடக்கத்தில் டெலவேர் ஆற்றங்கரையை ஒட்டிய வாட்டர் தெருவில் சில சாவுகள். நவம்பர் தொடக்கத்தில் கொள்ளைநோய் அடங்கியபோது சுமார் 5,000 பேர் போயிருந்தார்கள். பத்துக்கு ஒருவர். ஏறத்தாழ 20,000 பேர் ஊரைவிட்டு ஓடிவிட்டார்கள் என்பதையும் கணக்கில் எடுத்தால், தங்கியவர்களில் எத்தனைக்கு ஒருவர் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

நோய் எங்கிருந்து வந்தது?

கப்பலில். அந்த ஆண்டு ஜூனில், இன்று ஹைத்தி எனப்படும் பிரெஞ்சுக் காலனியான சான் டொமிங்கில் அடிமைகளின் புரட்சி உச்சத்தில் இருந்தது. அதன் பெரிய துறைமுகமான காப் பிரான்சே தீக்கிரையாயிற்று. அங்கிருந்து தப்பிய சுமார் 2,000 பேர் கோடையில் பிலடெல்பியா வந்து இறங்கினார்கள். அவர்களில் சிலர் உடம்பில் வைரஸ் இருந்தது. கப்பலின் குடிநீர்ப் பீப்பாய்களில் கொசுவும் கொசுப்புழுவும் இருந்தன. இரண்டும் சேர்ந்து இறங்கிய இடம் எப்படிப்பட்டது? ஈரப்பதமும் வெக்கையும் நிறைந்த கோடை, வற்றிய ஓடைகள், வீட்டுக்கு வீடு மழைத்தண்ணீர் பிடித்து வைத்த மரத்தொட்டிகள். இதைவிட நல்ல இடம் ஏடிஸுக்கு வாய்க்காது.

வந்தவர்களைப் பழி சொல்வது சுலபம், அன்றும் சொன்னார்கள். ஆனால் பின்னால் ஊருக்கு உதவிய ஒரு மருத்துவரும் அதே கப்பல்கூட்டத்தில்தான் வந்தார். அவர் கதை கீழே.

அழுகிய காபிதான் காரணம் என்று ஒரு கதை உண்டே, உண்மையா?

அப்படிச் சொன்னது உண்மை. சொன்னவரும் சாதாரண ஆள் இல்லை. டாக்டர் பெஞ்சமின் ரஷ், 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர், ஊரின் புகழ்பெற்ற மருத்துவர். ஆகஸ்ட் 19 அன்று வாட்டர் தெருவில் பீட்டர் லெமேக்ர் என்ற வணிகரின் வீட்டுக்குப் போகிறார். வணிகரின் மனைவி சாகக் கிடக்கிறார். கூட இரண்டு மருத்துவர்கள். மூவரும் பேசிக்கொள்கிறார்கள்: இந்தச் சுற்றுவட்டாரத்தில் மட்டும் ஏன் இத்தனை கெட்ட காய்ச்சல்? அவர்களில் ஒருவர், பக்கத்துப் படகுத்துறையில் கப்பலிலிருந்து இறக்கிப் போட்ட காபி அழுகி நாறிக்கொண்டிருப்பதை நினைவூட்டுகிறார். ரஷ்ஷுக்கு எல்லாம் பொருந்திவிட்டது. இது மஞ்சள் காய்ச்சல், காபியின் நாற்றம்தான் மூலம் என்று அறிவித்துவிட்டார்.

நோயின் பெயரைச் சரியாகச் சொன்னார். முப்பது ஆண்டுக்கு முன், பயிற்சிக் காலத்தில், 1762-ல் இதே ஊரில் இதே நோயைப் பார்த்திருந்தார். காரணத்தில்தான் கோட்டைவிட்டார். விஷக்காற்றுதான் நோய் தருகிறது என்று படித்தவர்கள் எல்லோரும் நம்பிய காலம் அது. நாற்றம் வந்த திசையிலேயே தேடினார்கள். காபி கிடந்த அதே துறையில்தான் கப்பல்களும் நின்றன என்பதால் வரைபடத்தில் பார்த்தால் அவர் சொன்னது பொருந்தவும் செய்தது!

கொசுவை யாருமே சந்தேகிக்கவில்லையா?

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த, மிகவும் எரிச்சலூட்டும் இடம் இதுதான்.

ஆகஸ்ட் 29 அன்று ஊர் நாளிதழ் ஒன்றில் ஒரு வாசகர் கடிதம் வந்தது. எழுதியவர் முழுப்பெயர் போடவில்லை. அவர் சொல்வது இதுதான்: பெய்த மழையில் கொசு பெருகும், நோயாளிக்கும் தொல்லை, நலமாக இருப்பவர்களுக்கும் தொல்லை. உங்கள் வீட்டு மழைநீர்த் தொட்டியைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள், லட்சக்கணக்கில் நெளிந்துகொண்டிருக்கும். ஒரு கிண்ணத்தில் அந்தத் தண்ணீரை மொண்டு, மேலே கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். மேற்பரப்பில் படலம் மூடியதும் மூச்சுக்குக் காற்றில்லாமல் எல்லாம் செத்துப்போகும். ஒரு பெரிய தொட்டிக்கு எந்த எண்ணெயானாலும் சிறிதளவு போதும்.

நம் ஊரில் மாநகராட்சிப் பணியாளர் டார்ச் அடித்து சின்டெக்ஸ் தொட்டியைப் பார்த்துவிட்டு அபேட் மருந்து ஊற்றிப் போகிறாரே, அந்த வேலையின் 1793 பதிப்பு இது. எங்கள் மாடித் தொட்டியில் ஒருமுறை புழு இருக்கிறது என்று காட்டினார்கள். வெறும் கண்ணுக்குத் தூசி மாதிரி இருந்தது, டார்ச் பட்டதும் அத்தனையும் ஒரே நேரத்தில் தலைகீழாக ஆழத்துக்குப் பாய்ந்தது. அந்தக் கடிதம் எழுதியவரும் இதைத்தான் குனிந்து பார்த்திருப்பார்.

ஆனால் அவர் கொசுவை ஒரு தொல்லையாக மட்டும் பார்த்தார், நோய்க்கும் அதற்கும் முடிச்சுப் போடவில்லை. ரஷ்ஷும் அந்த ஆண்டு கொசு மிக அதிகம் என்று எழுதி வைத்தார். கெட்டுப்போன காற்றுக்கு அது ஓர் அடையாளம் என்பதோடு நிறுத்திக்கொண்டார். மருந்தும் நோயும் ஒரே ஊரில், ஒரே மாதத்தில், அச்சிலேயே இருந்தன.

மக்கள் எப்படித் தற்காத்துக்கொண்டார்கள்?

மூக்கைத் தற்காத்துக்கொண்டார்கள். காடியில் நனைத்த கைக்குட்டை, கற்பூரப் பை, தார் பூசிய கயிற்றுத் துண்டு. சிலர் நாள் முழுக்கப் பூண்டு மென்றார்கள், சட்டைப்பையிலும் செருப்புக்குள்ளும் பூண்டு வைத்தார்கள். பெண்களும் சிறுவர்களும்கூட சுருட்டுப் பிடித்தார்கள். தெருமுனைகளில் தீ மூட்டினார்கள். மருத்துவர் சங்கம் அது வேண்டாம், வெடிமருந்தை எரியுங்கள் என்றது, வீட்டுக்குள் துப்பாக்கி வெடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சாவு மணி இடைவிடாமல் ஒலித்தது நோயாளிகளைக் கலங்கடித்ததால் அதை நிறுத்தச் சொன்னார்கள். பழைய நண்பர்கள் கைகுலுக்குவதை விட்டார்கள். நடைபாதையை ஒட்டிய வீட்டில் சாவு நடந்திருக்கலாம் என்று நடுத்தெருவில் நடந்தார்கள். துக்கக் கறுப்பு உடுத்தியவரைக் கண்டால் ஒதுங்கினார்கள். 2020-ஐப் பார்த்த நமக்கு இதில் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

வெளியூர்கள் கதவைச் சாத்தின. நியூயார்க்கும் பால்டிமோரும் பிலடெல்பியாக்காரர்களை மறிக்க வழியில் காவல் போட்டன.

அரசாங்கம் என்ன செய்தது?

பெரும்பாலும் கிளம்பியது. ஜார்ஜ் வாஷிங்டன் செப்டம்பர் 10 அன்று தன் மவுண்ட் வெர்னான் பண்ணைக்குப் போனார். வெளியுறவு அமைச்சர் தாமஸ் ஜெபர்சனும் சில நாளில் போனார். அலுவலக எழுத்தர்கள் மறைந்தார்கள், கூட்டாட்சி அரசு கிட்டத்தட்ட நின்றே போயிற்று.

மேயர் மேத்யூ கிளார்க்சன் மட்டும் இருந்தார். தன்னார்வலர்களைக் கூப்பிட்டு ஒரு குழு அமைத்தார். சட்டப்படி அந்தக் குழுவுக்கு அதிகாரம் என்று எதுவுமில்லை, ஆனாலும் கடன் வாங்கியது, அநாதைக் குழந்தைகளுக்கு வீடு பிடித்தது, சவப்பெட்டி வாங்கியது, வண்டி ஓட்டியது. ஊரை நடத்தியது அதுதான்.

டாக்டர் ரஷ்ஷின் சிகிச்சை பலரைக் கொன்றது என்கிறார்களே?

நானும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் ஆளை வில்லனாக்க மனம் வரவில்லை. முதலில் மென்மையான மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார், பலிக்கவில்லை. பிறகு கலோமலும் (பாதரச உப்பு, சித்த மருத்துவத்தில் பூரம் என்பார்கள்) ஜலப் என்ற வேரின் பொடியும் கலந்து கடும் பேதி கொடுத்தார். ஒரு வேளைக்கு 10 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம்) கலோமல், 10 முதல் 15 கிரெயின் ஜலப். அதோடு ரத்தம் இறக்குவது. ஒரு மனித உடம்பில் சுமார் 25 பவுண்டு ரத்தம் இருப்பதாக அவர் நம்பினார். உண்மையில் இருப்பது அதில் பாதி அளவுதான். அதில் ஐந்தில் நான்கு பங்கை இறக்கினாலும் ஆபத்தில்லை என்பது அவர் எண்ணம். கணக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே வாந்தியிலும் ரத்தக்கசிவிலும் வற்றிப்போன உடம்பு அது.

அதே ரஷ் ஓடவில்லை. ஒரு நாளைக்கு நூறுக்கு மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்தார். அவருடைய சகோதரி இறந்தார், சீடர்களில் மூவர் இறந்தார்கள், அவருக்கே காய்ச்சல் வந்து தன் மருந்தையே தானும் சாப்பிட்டு எழுந்தார். எழுந்ததும் நம்பிக்கை இன்னும் இறுகிவிட்டது. மஞ்சள் காய்ச்சலில் பெரும்பாலோர் தாமாகவே தேறுவார்கள் என்பதால் எந்த மருந்தைக் கொடுத்தாலும் அது பலித்ததாகத் தோன்றும்.

பின்னால் பத்திரிகையாளர் வில்லியம் காபெட் இவரைக் கொலைகார வைத்தியர் என்று கிண்டலடித்து எழுத, ரஷ் அவதூறு வழக்குப் போட்டு 5,000 டாலர் இழப்பீடு வென்றார். தீர்ப்பு வந்த நாள் 1799 டிசம்பர் 14. அதே நாள் வாஷிங்டன் தொண்டை நோயில் இறந்தார், அவர் உடம்பிலிருந்தும் மருத்துவர்கள் நிறைய ரத்தம் இறக்கியிருந்தார்கள்.

மாற்று வைத்தியம் இருந்ததா?

இருந்தது. நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனும் அவர் மனைவியும் நோயில் விழுந்தார்கள். கரீபியத் தீவில் வளர்ந்த எட்வர்ட் ஸ்டீவன்ஸ் என்ற மருத்துவர், சிங்கோனாப் பட்டை, ஒயின், குளிர்ந்த நீர்க் குளியல் என்று மென்மையாகப் பார்த்தார். இருவரும் பிழைத்தார்கள். ஹாமில்டன் அதைப் பத்திரிகையில் எழுதினார். உடனே வைத்தியம் கட்சி விவகாரமாகிவிட்டது: ரஷ் ஜெபர்சன் பக்கம், பட்டையும் ஒயினும் ஹாமில்டன் பக்கம். ஜெபர்சனோ, ஹாமில்டனுக்கு வந்தது பயமே தவிர நோயில்லை என்கிற பாணியில் நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

புஷ் ஹில் என்பது என்ன?

ஊருக்கு வெளியே இருந்த ஒரு பணக்காரரின் மாளிகை. நோயாளிகளை முதலில் ஒரு சர்க்கஸ் கொட்டகையில் போட்டார்கள். அக்கம்பக்கத்தார் கொளுத்திவிடுவோம் என்று மிரட்டவே, காலியாக இருந்த இந்த மாளிகையை எடுத்துக்கொண்டார்கள். முதல் சில வாரம் அது நரகம். செத்தவரும் சாகப்போகிறவரும் ஒரே அறையில், நோயாளிக்கு வந்த உணவையும் மதுவையும் காவலுக்கு இருந்தவர்களே தின்று குடித்தார்கள்.

செப்டம்பர் நடுவில் இரண்டு பேர் தாமாக முன்வந்தார்கள்: பிரான்சில் பிறந்த கப்பல் வணிகர் ஸ்டீபன் ஜிரார்ட், பீப்பாய் செய்யும் தொழிலாளி பீட்டர் ஹெல்ம். ஜிரார்டுக்கு ஒரு கண் தெரியாது, பணம் சேர்ப்பதில் கெட்டிக்காரர், பின்னாளில் நாட்டின் பெரும் பணக்காரர். அப்படிப்பட்டவர் தினமும் வந்து வாந்தி துடைத்தார், பிணத்தைத் தூக்கினார். படுக்கைகளைப் பிரித்துப் போட்டு, தண்ணீர் வசதி செய்து, ஒழுங்கான செவிலியர்களை வைத்தார்கள். மருத்துவர் பொறுப்பில் அமர்த்தப்பட்டவர் ஜான் டெவேஸ், காப் பிரான்சேயிலிருந்து அகதியாக வந்தவர். மேலே சொன்னேனே, அவர். இந்த நோயை அங்கே நிறையப் பார்த்திருந்தார். இது தொற்றாது என்றார், பெரும் பேதியும் ரத்தம் இறக்குதலும் வேண்டாம் என்றார், ஓய்வும் நீராகாரமும் கொடுத்தார். இன்றைக்கும் மஞ்சள் காய்ச்சலுக்குத் தனி மருந்து கிடையாது. நீர்ச்சத்து, ஓய்வு, கண்காணிப்பு, அவ்வளவுதான். இருநூறு ஆண்டில் அந்த விஷயத்தில் நாம் டெவேஸைத் தாண்டி அதிகம் போய்விடவில்லை.

கறுப்பின மக்களுக்கு இந்த நோய் வராது என்றார்களாமே?

ரஷ் அப்படி நம்பினார், பத்திரிகையிலும் எழுதினார். கரோலினாவில் ஒரு மருத்துவர் முன்பு எழுதி வைத்ததை நம்பியதன் விளைவு. அடிமை ஒழிப்பில் அவருக்கு உண்மையான அக்கறை உண்டு. சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கத்தின் தலைவர்கள் அப்சலோம் ஜோன்ஸும் ரிச்சர்ட் ஆலனும் அவருக்குத் தெரிந்தவர்கள். வந்து உதவுங்கள், உங்களுக்கு ஆபத்தில்லை என்று கேட்டார். இருவரும் அடிமைகளாகப் பிறந்து பின்னாளில் விடுதலை பெற்றவர்கள். ஊர் தங்களை எப்படி நடத்துகிறது என்று தெரிந்தும் சம்மதித்தார்கள்.

ஆப்பிரிக்காவிலோ கரீபியத்திலோ சிறு வயதில் நோய் வந்து தேறியவருக்கு மறுபடி வராது. பிலடெல்பியாவில் பிறந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வரும்? இருநூறுக்கு மேற்பட்ட கறுப்பினத்தவர் இறந்தார்கள். செப்டம்பர் முடிவதற்குள் ரஷ்ஷுக்கே தெரிந்துவிட்டது.

பிறகு அவர்கள் மீது ஏன் பழி வந்தது?

நவம்பரில், நோய் ஓய்ந்த கையோடு, மேத்யூ கேரி என்ற பதிப்பாளர் கொள்ளைநோய் பற்றிய சிறு புத்தகம் ஒன்றை வெளியிட்டார். சுடச்சுட விற்றது. ஜோன்ஸையும் ஆலனையும் பாராட்டிய கையோடு, கறுப்பினச் செவிலியர்களில் கீழ்த்தரமானவர்கள் அநியாயக் கூலி பறித்தார்கள், வீடுகளில் திருடினார்கள் என்று எழுதிவிட்டார்.

1794 ஜனவரியில் ஜோன்ஸும் ஆலனும் பதில் புத்தகம் போட்டார்கள். கூலியை ஏற்றியது நாங்களில்லை, நீங்களே ஒருவர்மேல் ஒருவர் ஏலம் கேட்டு ஏற்றினீர்கள் என்றார்கள். மேயரின் குழுவில் சேர்ந்தபின் நடுவில் கேரியே ஊரைவிட்டுப் போனதையும் சுட்டிக்காட்டினார்கள். சம்பளம் கேட்காத ஒரு மூதாட்டியின் கதை அதில் வருகிறது. தேறிய நோயாளி என்ன வேண்டும் என்று கேட்டபோது, குளிர்நாளில் ஒருவேளைச் சாப்பாடு போதும் ஐயா என்றாராம்.

அதைவிட எனக்கு உறைத்தது கணக்கு. பிணம் புதைத்ததற்கும் நோயாளியின் படுக்கைகளைப் புதைத்ததற்கும் வந்த மொத்த வரவு 233 பவுண்டு 10 ஷில்லிங் 4 பென்ஸ். செலவில் காசு வாங்காமல் கொடுத்த சவப்பெட்டிகளுக்கு 33 பவுண்டு. ஐந்து ஆட்களுக்குக் கூலி, மூவர் 70 நாள், இருவர் 63 நாள், தலைக்கு நாளொன்றுக்கு 22½ ஷில்லிங், ஆக 378 பவுண்டு. நான் பெருக்கிப் பார்த்தேன், பைசா பிசகவில்லை. கைக்காசு போனது 177 பவுண்டு 9 ஷில்லிங் 8 பென்ஸ். திருடர்கள் என்று சொன்ன ஊருக்கு வரவுசெலவுச் சீட்டை அச்சடித்து நீட்டிவிட்டார்கள்.

நோய் எப்படி நின்றது?

குளிரால். அக்டோபர் 11 அன்று ஒரே நாளில் 119 அடக்கம். மாதக் கடைசியில் பனி இறங்கியது, கொசு செத்தது, நோய் நின்றது. 1797, 1798, 1799 என்று மறுபடி மறுபடி வந்தது. அழுக்குதான் காரணம் என்று நம்பிய ஊர், தெருவைக் கழுவவும் குடிக்கவும் நீராவி இயந்திரத்தால் ஆற்றுநீரை இறைத்து 1801-ல் குழாயில் விட்டது. தவறான காரணத்துக்காகச் செய்த நல்ல வேலை. குழாய் வந்தால் வாசல் தொட்டிக்கு அவசியம் குறையும் அல்லவா?

கொசுதான் என்று எப்போது தெரிந்தது?

ஹவானாவில் மருத்துவர் கார்லோஸ் பின்லே 1881-லேயே சொன்னார். இருபது ஆண்டு யாரும் காது கொடுக்கவில்லை. 1900-ல் வால்டர் ரீட் தலைமையிலான அமெரிக்க ராணுவ மருத்துவக் குழு கியூபாவில் சோதித்தது. குழுவில் இருந்த ஜெஸ்ஸி லேசியர் அந்த ஆய்வின்போதே மஞ்சள் காய்ச்சல் வந்து இறந்தார். அந்தச் சோதனைகளில் ஒன்று: கொசு நுழையாத சிறு வீட்டில் நோயாளிகளின் வாந்தியும் மலமும் படிந்த படுக்கையை விரித்து, தன்னார்வலர்கள் 20 இரவு படுத்தார்கள். ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. நாற்றத்தின் கதை அந்த வீட்டில் முடிந்தது.

தடுப்பூசி? நாம் போட்டுக்கொள்ள வேண்டுமா?

மாக்ஸ் தைலர் 1937-ல் 17டி என்ற தடுப்பூசியை உருவாக்கினார், 1951-ல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் இந்த நோய் இதுவரை பரவியதில்லை. ஆனால் பரப்பும் கொசு தெருவுக்குத் தெரு இருக்கிறது, வைரஸ் மட்டும்தான் பாக்கி. அதனால்தான் கென்யா, நைஜீரியா, பிரேசில் மாதிரி நாடுகளுக்குப் போய்த் திரும்புபவரிடம் விமான நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்கிறார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுளுக்கும் போதும். டிக்கெட் போட்ட கையோடு ஊசிக்குத் தேதி வாங்குங்கள்.

பிலடெல்பியா போனால் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

வாஷிங்டன் சதுக்கம் என்ற பூங்காவின் புல்தரைக்கு அடியில் 1793-ல் இறந்தவர்கள் பலர் கிடக்கிறார்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் ஆறாவது தெருவில் மதர் பெத்தேல் தேவாலயம். கொள்ளைநோய்க்கு மறு ஆண்டு ரிச்சர்ட் ஆலன் நிறுவியது. கட்டடம் பலமுறை மாறிவிட்டது, மனை மட்டும் அன்றுமுதல் இன்றுவரை அவருடைய மக்கள் பெயரிலேயே இருக்கிறது. கீழ்த்தளத்தில் ஆலனின் கல்லறை இருக்கிறது.